திருகோணமலையில் இருந்துகொண்டு ரஷ்யாவின் இரண்டாம் நிலை ஐஸ் ஹொக்கிப் பருவத்தைப் பின்தொடர்வது எப்படி

ரஷ்ய ஐஸ் ஹொக்கியில் மேல்தட்டு கே.எச்.எல்., 2008இல் தொடங்கியது. அதற்கு அடுத்த தட்டு வி.எச்.எல்., 2010இல் தொடங்கியது. ரஷ்யர் வாயில் அது ‘வே-ஹா-எல்’. கீழே இளையோருக்கான எம்.எச்.எல். இருக்கிறது. வி.எச்.எல். பருவம் செப்டெம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரலில் முடியும். எங்கள் கணக்கில் கச்சான் ஓயும்போது தொடங்கி, வாடைக்காலம் முழுதும் ஓடி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இறுதிக்கு வரும்.

இந்த லீக்கில் முடிவுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது. நேற்று 5-1 என்று வென்ற அணி நாளை அதே எதிரியிடம் 0-4 என்று தோற்கும். காரணம் பெரும்பாலும் எளிது: இடையில் இரண்டு பேர் மேலே அழைக்கப்பட்டிருப்பார்கள், ஒரு கோல்காப்பாளர் மாறியிருப்பார். வி.எச்.எல். கழகங்களில் பல, கே.எச்.எல். கழகங்களின் கிளைகள். வீரர்கள் இருதட்டு ஒப்பந்தத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். ஆகவே பின்தொடர வேண்டியது பெயர்களை. கீழே உள்ள எல்லா வேலையும் அதற்காகத்தான்.

மணிக்கூட்டைப் பார்த்துக் கழகத்தைத் தெரிவுசெய்யுங்கள்

பெயர் அழகாக இருக்கிறது, சின்னம் பிடித்திருக்கிறது என்று கழகத்தைத் தெரிவுசெய்பவர்கள் நவம்பர் வரை தாக்குப்பிடிப்பதில்லை. முதலில் ஆட்டம் எங்கள் நேரப்படி எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். லீக் நீண்டு கிடக்கும் தூரம் அப்படி: சென் பீட்டர்ஸ்பேர்க்கும் அங்கார்ஸ்க்கும் ஒன்றுக்கொன்று 5 மணித்தியாலம் வித்தியாசம்.

ரஷ்யா 2014 ஒக்டோபரிலிருந்து கோடை, குளிர்காலம் என்று மணிக்கூட்டை மாற்றுவதில்லை. நாமும் மாற்றுவதில்லை. எனவே ஒருமுறை கணக்கிட்டு எழுதிவைத்தால் பருவம் முழுதும் போதும்.

மொஸ்கோ நேரம் (மொஸ்கோ, சென் பீட்டர்ஸ்பேர்க், வஸ்க்ரெசென்ஸ்க், பென்சா, வரோனெஷ், கசான், அல்மெத்தியெவ்ஸ்க்): 2 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். அங்கே 18:30 என்றால் இங்கே இரவு 9 மணி.
இஷெவ்ஸ்க்: 1 மணி 30 நிமிடம் கூட்டுங்கள்.
ஊரால் பக்கம் (தியுமென், ஹந்தி-மன்சீஸ்க், செல்யாபின்ஸ்க், குர்கான், பேர்ம், நெஃப்தெகாம்ஸ்க், ஓர்ஸ்க்): 30 நிமிடம் கூட்டினால் போதும். அங்கே 19:00, இங்கே 7.30.
ஒம்ஸ்க்: 30 நிமிடம் கழியுங்கள்.
கிராஸ்னயார்ஸ்க், நோவகுஸ்னெட்ஸ்க், பர்னாவுல்: 1 மணி 30 நிமிடம் கழியுங்கள். அங்கே 19:00, இங்கே மாலை 5.30.
அங்கார்ஸ்க்: 2 மணி 30 நிமிடம் கழியுங்கள். அங்கே 18:30, இங்கே பின்னேரம் 4 மணி.

ஓர் ஆட்டம் 20 நிமிடப் பகுதிகள் மூன்று. மணிக்கூடு நின்று நின்று ஓடுவதாலும் இரண்டு இடைவேளைகள் இருப்பதாலும் முழுவதும் முடிய ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். மொஸ்கோப் பக்கத்துக் கழகம் என்றால் இரவு பதினொன்றரை தாண்டும். விடிய வேலைக்கோ மீன் சந்தைக்கோ போகிறவர்களுக்கு ஊரால் கழகங்களே நல்லது: ஏழரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைபீரியக் கழகங்கள் தோதானவை. ரியூஷன் விட்டு வந்து இரண்டாம் பகுதியைப் பிடிக்கலாம்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு ஒன்று உண்டு. ரஷ்யத் தளங்கள் பல எல்லா ஆட்டத்தையும் மொஸ்கோ நேரத்தில் போடும். கழகத்தின் சொந்தப் பக்கம் உள்ளூர் நேரத்தில் போடும். ‘13:30’ என்று அங்கார்ஸ்க் ஆட்டத்துக்குக் கண்டால் அது மொஸ்கோ நேரம்தான் என்று பிடிபட வேண்டும். வேலைநாளில் உள்ளூர் நேரப்படி மத்தியானம் ஒன்றரைக்கு யாரும் அரங்குக்கு வரமாட்டார்கள். ஐயம் வந்தால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். இன்னொன்று: தளம் உங்கள் போனின் நேரத்தைப் பார்த்துத் தானே மாற்றிக் காட்டியிருக்கலாம். அதற்கு மேல் நீங்களும் கூட்டினால் ஆட்டம் போய்விடும்.

பத்து எழுத்துப் போதும்

ரஷ்ய மொழி படிக்கத் தேவையில்லை. புள்ளிப் பட்டியலையும் ஆட்டத்தாளையும் வாசிக்கச் சில எழுத்துகளின் உருவம் தெரிந்தால் போதும்.

நமது ‘ப’வைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கதவுநிலை போல இருக்கும் அந்த எழுத்தின் ஒலியும் ‘ப’தான். புள்ளிப் பட்டியலில் அது தோல்வி. பக்கத்தில் எட்டு எண்ணின் இடப்பக்கத்தை நேராக வெட்டியது போல இருப்பது ‘வ’: வெற்றி. இதைத் தமிழில் மறப்பதற்கே வழியில்லை. மூன்று ஆணிகளை ஒரு பலகையில் நிமிர்த்தி அடித்தது போல இருப்பது ‘ஷ’: ஷாய்பா, அதாவது மட்டையால் அடிக்கும் ரப்பர் வில்லையான பக்; பட்டியலில் கோல் எண்ணிக்கை. முழு வட்டம் ‘ஓ’: தலைப்பில் அது தனியே நின்றால் புள்ளிகள். இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே இடக்கீழிலிருந்து வலமேலே ஏறும் சாய்கோடு ‘இ’: ஆடிய ஆட்டங்கள். ஆறு எண்ணுக்கு மேலே கொடி கட்டியது போல இருப்பது ‘ப்’ என்ற அழுத்தமான ஒலி, ‘பாலா’ என்பதில் வருவது போல. அது புல்லித், ஒற்றைக்கு ஒற்றை அடித்து முடிவு காண்பது.

இவை இரண்டிரண்டாகச் சேரும். ‘வ’வுடன் வட்டம் சேர்ந்தால் கூடுதல் நேர வெற்றி, கொடி ஆறு சேர்ந்தால் புல்லித் வெற்றி. கவிழ்த்த ‘ப’வுடன் இவை சேர்ந்தால் அதே வகைத் தோல்விகள்.

வீரர் பட்டியலில் ‘வ’ கோல்காப்பாளர். மூன்று எண்ணைப் போலவே இருக்கும் எழுத்து தடுப்பாளர். ஒரே படியுள்ள ஏணி போல இருப்பது ‘ந’: முன்னணி வீரர். கவனம்: சில தளங்களில் வீரரின் பெயருக்கு எதிரே கவிழ்த்த ‘ப’ நிற்கும், அங்கே அது தோல்வியைக் குறிக்காது, கோலுக்குக் கொடுத்த பாஸ். வேறு தளங்களில் அதே பாஸ் கூடார வடிவ ‘அ’வின் கீழ் வரும்.

மொழிபெயர்ப்பி செய்யும் குளறுபடி

போனின் உலாவியில் உள்ள தானியங்கி மொழிபெயர்ப்பு செய்திகளுக்கு உதவும், பட்டியல்களைக் கெடுக்கும். கழகங்களின் பெயர்கள் பெரும்பாலும் சாதாரணச் சொற்கள். மொழிபெயர்ப்பி அவற்றையும் மொழிபெயர்த்துவிடும். “வேதியியலாளர் மாணிக்கத்தை 3-2 என வென்றார்” என்று கண்டால் மிரள வேண்டாம். வஸ்க்ரெசென்ஸ்க் நகரின் ஹீமிக், தியுமென் நகரின் ரூபினை வென்றிருக்கிறது.

ஆகவே இந்தப் பொருள்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோகொல் (கிராஸ்னயார்ஸ்க்) வல்லூறு. மொலொத் (பேர்ம்) சுத்தியல். புரான் (வரோனெஷ்) பனிப்புயல். பார்ஸ் (கசான்) சிறுத்தை. ஸ்வெஸ்தா (மொஸ்கோ) நட்சத்திரம். நெஃப்தியானிக் (அல்மெத்தியெவ்ஸ்க்) எண்ணெய்த் தொழிலாளி. மெத்தலூர்க் (நோவகுஸ்னெட்ஸ்க்) உலோகத் தொழிலாளி. தோரொஸ் (நெஃப்தெகாம்ஸ்க்) பனிப்பாளங்கள் மோதி மேடாக எழும்பிய திட்டு. இதை மொழிபெயர்ப்பி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். எர்மாக் (அங்கார்ஸ்க்) சைபீரியாவுக்குள் படை நடத்திய கொசாக்கின் பெயர், மொழிபெயராது.

இந்தப் பெயர்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. எண்ணெய் ஊருக்கு எண்ணெய்த் தொழிலாளி, இரும்பாலை ஊருக்கு உலோகத் தொழிலாளி, இரசாயனத் தொழிற்சாலை ஊருக்கு வேதியியலாளர். தொழிற்சாலையும் அரங்கும் சேர்ந்தே வளர்ந்த ஊர்கள் இவை. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சின்ன ஊர் என்று எண்ணிவிடவும் கூடாது: வட அமெரிக்காவின் மேல்தட்டு லீக்கான என்.எச்.எல்.இல் பெயர்பெற்ற செர்கேய் பொப்ரோவ்ஸ்கி, கிரில் கப்ரீசொவ் இருவரும் நோவகுஸ்னெட்ஸ்க்கில் பிறந்து மெத்தலூர்க்கில் ஆடத் தொடங்கியவர்கள். சோவியத் அணியின் புகழ்பெற்ற வீரர் இகோர் லரியோனொவ் வஸ்க்ரெசென்ஸ்க்காரர்.

செய்யவேண்டிய முறை இது: செய்திக்கு மட்டும் மொழிபெயர்ப்பைப் போடுங்கள், பட்டியலுக்கும் ஆட்டத்தாளுக்கும் அணைத்துவிட்டு மூலத்தையே வாசியுங்கள். வீரர் பெயர்கள் மொழிபெயர்ப்பில் இரண்டு விதமாக வந்து, ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணவைக்கும். சீருடை இலக்கத்தைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். அதே வீரர் மேலே போகும்போது இலக்கம் மாறலாம் என்பதால் பிறந்த ஆண்டையும் குறித்துவையுங்கள்.

புள்ளிப் பட்டியல்: கூட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள்

இப்போதைய முறையில் எந்த வகை வெற்றிக்கும் 2 புள்ளி. கூடுதல் நேரத்திலோ புல்லித்திலோ தோற்றால் 1. வழக்கமான 60 நிமிடத்தில் தோற்றால் ஒன்றுமில்லை. பழைய பருவங்களில் 60 நிமிட வெற்றிக்கு 3 புள்ளி. பழைய பட்டியலையும் புதியதையும் அருகருகே வைத்து எந்த அணி பலமானது என்று வாதிடுவது இதனால்தான் வீண்.

எந்த முறை என்பதை நீங்களே சோதிக்கலாம். 38 ஆட்டம், 60 நிமிட வெற்றி 18, கூடுதல் நேர வெற்றி 2, புல்லித் வெற்றி 3, புல்லித் தோல்வி 1, கூடுதல் நேரத் தோல்வி 2, தோல்வி 12 என்று ஓர் அணி இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு புள்ளி முறையில் 23 × 2 + 3 = 49. மூன்று புள்ளி முறையில் 54 + 10 + 3 = 67. பட்டியலில் எது நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பருவத்தின் நடுவில் அணிகள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை சமமாக இராது. பயணம் அவ்வளவு நீளம். ஓர் அணி 40 ஆட்டத்தில் 52 புள்ளி, இன்னொன்று 37 ஆட்டத்தில் 49 என்றால் பட்டியல் முதலாவதை மேலே போடும். கிடைக்கக்கூடிய புள்ளியால் வகுத்துப் பாருங்கள்: 52 ÷ 80 = 65 வீதம்; 49 ÷ 74 = 66.2 வீதம். உண்மையில் முன்னால் நிற்பது இரண்டாவது.

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். கழகங்கள் ஒரே மூச்சில் பக்கத்து ஊர்கள் மூன்று நான்கைச் சுற்றி ஆடிவிட்டு வீடு திரும்பும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டமாக. எர்மாக் மேற்கே போய் மொஸ்கோ நேரம் 19:00க்கு ஆடினால் அந்த வீரர்களின் உடம்புக்கு அது நள்ளிரவு 12 மணி. சுற்றின் முதல் ஆட்டத்தையும் கடைசி ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்.

ஆட்டத்தாளும் சீ.ஆர். கொப்பியும்

இதுதான் முழு வேலையின் உயிர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் லீக் தளத்தில் ஆட்டத்தாள் வரும். ரஷ்யர் அதை ‘ப்ரதகோல்’ என்பர். 120 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வழக்கமான கட்டத்தில் ஓர் அணிக்கு ஐம்பதுக்கு மேல் ஆட்டங்கள் உண்டு. அதன் பிறகு வரும் வெளியேற்றுச் சுற்றுகளான பிளே-ஓஃபையும் சேர்த்தாலும் ஒரு கொப்பி தாராளமாகக் காணும்.

பக்கத்தின் மேலே திகதி, எதிரணி, வீடா வெளியா, அன்றைய கோல்காப்பாளர். அதன் கீழே நான்கு ஐவர் கூட்டங்கள். ரஷ்யாவில் இரண்டு தடுப்பாளரையும் மூன்று முன்னணி வீரரையும் ஒரே கூட்டமாகவே எண்ணுவார்கள்; பெயர் ‘பித்யோர்க்கா’, ஐந்து என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு கூட்டம் பனியில் நிற்பது ஒரு தடவைக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பிறகு அடுத்தது இறங்கும். யார் முதற் கூட்டம், யார் நான்காம் கூட்டம் என்பதில் பயிற்றுநரின் மனம் தெரியும். போன ஆட்டத்தில் இருந்து இன்று இல்லாதவரைச் சிவப்பில் எழுதுங்கள், புதிதாக வந்தவரை நீலத்தில்.

கோல் வரிசையில் நேரம் ஆட்டத் தொடக்கத்திலிருந்து ஓடும். 41:12 என்றால் மூன்றாம் பகுதி தொடங்கி 1 நிமிடம் 12 வினாடி. பக்கத்தில் ‘ரவ்’ என்ற சுருக்கம் இருந்தால் இரு பக்கமும் சம ஆள். ‘போல்’ என்றால் எதிரணியில் ஒருவர் தண்டனையில் இருக்கும்போது போட்டது. ‘மென்’ என்றால் தங்கள் பக்கம் ஆள் குறைந்திருந்தும் போட்டது. மூன்று ஆட்டமாக ஓர் அணி ‘போல்’ கோல்களால் மட்டுமே வென்றுகொண்டிருந்தால் அந்த ஓட்டம் நீடிக்காது. மத்தியஸ்தர் விசிலடிக்காத ஓர் இரவில் தோற்றுவிடும்.

இப்போது பெயர் தேடும் வேலை. கழகத்தின் தாய்க்கழகத்தையும் இளையோர் அணியையும் கொப்பியின் முன்னட்டையில் எழுதிவையுங்கள். எடுத்துக்காட்டாக 2022-23 பருவத்தில் மேலே ஸ்கா, நடுவே ஸ்கா-நெவா, கீழே ஸ்கா-1946. மூன்றும் சென் பீட்டர்ஸ்பேர்க். தோரொஸுக்குத் தாய்க்கழகம் ஊஃபாவின் சலவாத் யுலாயெவ், பார்ஸுக்குக் கசானின் அக் பார்ஸ், செல்மெத்துக்குச் செல்யாபின்ஸ்க்கின் திராக்தர். உடன்பாடுகள் மாறக்கூடியவை என்பதால் ஆகஸ்ட் கடைசியில் சரிபாருங்கள்.

ஒருவர் தொடர்ந்து இரண்டு ஆட்டத்தில் காணவில்லை என்றால் இந்த ஒழுங்கில் தேடுங்கள்: முதலில் அதே வாரத்துத் தாய்க்கழக ஆட்டத்தாள். அங்கே இருந்தால் மேலே போய்விட்டார். ஆனால் அங்கே எத்தனை நிமிடம் ஆடினார் என்றும் பாருங்கள். மேலே போய் வாங்கிலில் இருந்து 3 நிமிடம் ஆடுபவர் பெரும்பாலும் பத்து நாளில் திரும்பிவருவார், திரும்பியதும் முதற் கூட்டத்தில் இறங்குவார். அங்கே இல்லையென்றால் இளையோர் அணியின் தாள். அதிலும் இல்லையென்றால் கழகத்தின் டெலிகிராம் பக்கம். பொதுப் பக்கங்களைக் கணக்கு இல்லாமலே உலாவியில் வாசிக்கலாம். காயம் என்றால் பெரும்பாலும் அங்கே ஒரு வரி இருக்கும். எங்கும் இல்லையென்றால் வேறு கழகத்துக்குப் பேச்சு நடக்கிறது என்று எடுக்கலாம்.

2022-23 பருவத்தில் மத்வேய் மிச்கொவ் என்ற இளம் முன்னணி வீரர் ஸ்காவிலிருந்து ஸ்கா-நெவாவுக்கு இறங்கி ஆடினார், பிறகு கடனாகச் சோச்சிக்குப் போனார், 2023 கோடையில் என்.எச்.எல். கழகங்கள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் தெரிவில் பிலடெல்பியா அவரை 7ஆவது ஆளாகத் தெரிவுசெய்தது. இப்படியான பாதையைச் செய்தியில் பின்னால் படிப்பதைவிட, கொப்பியில் நீங்களே கண்டுபிடிப்பது வேறு இன்பம்.

கோல்காப்பாளருக்குத் தனிப் பக்கம் வையுங்கள். இரண்டு எண் போதும். ஒன்று, 60 நிமிடத்துக்கு எத்தனை கோல் விட்டார்: விட்ட கோலை 60ஆல் பெருக்கி ஆடிய நிமிடத்தால் வகுங்கள். 290 நிமிடத்தில் 11 கோல் என்றால் 660 ÷ 290 = 2.28. மற்றது, தடுத்த வீதம்: 140 அடியில் 129 தடுத்தால் 92.1. பத்து ஆட்டத்துக்குப் பிறகும் 92க்கு மேல் நிற்பவரை நம்பலாம். ஐந்து ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே ஒரு மோசமான இரவு அந்த எண்ணை அடியோடு மாற்றிவிடும்.

படம், டேட்டா, கரண்ட்

ஆட்டங்களின் நேரலையை லீக் தளத்திலும் ரஷ்யச் சமூக வலைத்தளமான வீ.கே.இல் உள்ள கழகப் பக்கங்களிலும் தேடுங்கள். கட்டணம் கேட்கும் ரஷ்யத் தளங்களில் எங்கள் வங்கி அட்டையை முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்: 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்காட்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின, வெளிநாட்டு அட்டை அங்கே வேலை செய்யாது. “இலவச நேரலை” என்று கூப்பிட்டுப் பந்தயக் கணக்குத் திறக்கச் சொல்லும் தளங்களை உடனே மூடுங்கள். இரண்டாம் நிலை லீக்குகளின் பெயரில் இவை நிறைய. போன் இலக்கத்தைக் கொடுத்தால் தொல்லை தொடரும்.

டேட்டாக் கணக்கு: வினாடிக்கு 1 மெகாபிட் என்றால் மணிக்கு 450 எம்.பி. வினாடிக்கு 2 மெகாபிட்டில் இரண்டரை மணி ஆட்டம் 2.25 ஜி.பி. வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் மாதம் 27 ஜி.பி.க்குக் குறையாது. நள்ளிரவுக்குப் பின் தனி ஒதுக்கீடு தரும் பொதி உங்களிடம் இருந்தால் மொஸ்கோப் பக்கத்து ஆட்டங்களை மறுநாள் விடியப் பதிவாகப் பார்ப்பது மலிவு. அப்படிப் பார்ப்பதானால் முடிவைக் காட்டும் அறிவிப்புகளை முதலே அணைத்துவிடுங்கள்.

தரத்தை எவ்வளவு குறைக்கலாம்? பக் 7.62 செ.மீ. குறுக்களவுள்ள ரப்பர் வில்லை. கமரா ஏறக்குறைய 25 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது என்று வைத்தால், 854 பிக்சல் அகலப் படத்தில் பக் இரண்டரைப் பிக்சல். 640 பிக்சல் அகலத்தில் இரண்டே பிக்சல். இரண்டு பிக்சலைப் படச் சுருக்கம் விழுங்கிவிடும், பனியில் பக்கே தெரியாது. 1280 அகலத்தில் நான்கு பிக்சல் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் பக்கைத் தேடிக் கண்ணைக் கெடுக்காமல் வீரர்களின் முழங்காலும் தோளும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பாருங்கள். பக் அங்கேதான் இருக்கும். சனசமூக நிலையத்தில் பத்துப் பேர் சேர்ந்து பெரிய திரையில் பார்ப்பதென்றால் 1280க்குக் குறையாமல் வையுங்கள்.

ஒக்டோபருக்குப் பின் வாடையில் கரண்ட் போகும் இரவுகள் வரும். ரௌட்டருக்கு மினி யூ.பி.எஸ். வாங்கும்போது பெட்டியில் 8,800 மில்லி அம்பியர்-மணி என்று போட்டிருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலத்தின் கணக்கு: 32.6 வாட்-மணி. 12 வோல்ட்டுக்கு உயர்த்தும் இழப்புப் போகக் கிட்டத்தட்ட 27 மிஞ்சும். ரௌட்டர் ஒன்று 7 வாட் இழுத்தால் 4 மணித்தியாலம் கிட்ட ஓடும். ஆனால் பைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனியாக இருந்து இரண்டும் 14 வாட் இழுத்தால் 2 மணித்தியாலத்துக்கு முன்பே படுத்துவிடும், மூன்றாம் பகுதியின் நடுவில். வாங்குமுன் இரண்டு அடப்டரிலும் உள்ள வோல்ட், அம்பியரை எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று 12 வோல்ட், மற்றது 9 வோல்ட் என்றால் இரண்டு வெளியீடும் உள்ள யூ.பி.எஸ். வேண்டும். தப்பான வோல்ட்டைக் குத்தினால் ரௌட்டர் எரிந்துபோகும்.

படம் அறவே வராத இரவில் எழுத்து நேரலை போதும். அது மழையிலும் ஓடும். மறுநாள் கோல்களை மட்டும் பாருங்கள்.

பருவம் எப்படி நகரும்

செப்டெம்பரில் பட்டியலைப் பார்க்கவே வேண்டாம். கே.எச்.எல். கழகங்கள் தங்கள் ஆள்களைச் சரிப்படுத்திக்கொண்டிருக்கும் காலம் அது, வீரர் போக்குவரத்து அதிகம். பெயர்களை மட்டும் எழுதுங்கள். 

ஒக்டோபர் நடுவிலிருந்து கூட்டங்கள் நிலைக்கும். ஜனவரிப் புத்தாண்டை ஒட்டிச் சில நாள் ஓய்வு. அதற்கு முன்பின்னாகக் கைமாற்றங்கள் நடக்கும். அந்த வாரங்களில் கொப்பியில் சிவப்பும் நீலமும் கூடும்.

சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் கூட்டம் சேரும் நாள்களை ஒட்டி வழக்கமான கட்டம் முடிவுக்கு வரும். பிளே-ஓஃபுக்கு 16 அணி. ஏழில் நான்கை வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இங்கே புல்லித் இல்லை. சமநிலையானால் 20 நிமிடப் பகுதி, ஒரு கோல் விழும்வரை. மேற்கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் இடைவேளை சேர்த்து 800 எம்.பி. கைவசம் இருக்கட்டும். வழக்கமான கட்டத்திலோ கூடுதல் நேரம் 5 நிமிடம், மூன்றுக்கு மூன்று, பிறகு புல்லித்.

பிளே-ஓஃபில் முதற் கேள்வி தாய்க்கழகம் என்ன ஆனது என்பது. தாய்க்கழகம் மேலே முன்னேறிக்கொண்டிருந்தால் கிளை அணி இளைத்துப்போகும். மேலே தோற்று வெளியேறிவிட்டால், விதி இடங்கொடுக்கும் வீரர்கள் கீழே வருவார்கள். எட்டாவதாக வந்த கிளை அணி திடீரென்று முதலாவதை உலுக்குவது இதனால்தான். தாய்க்கழகம் இல்லாத அணிக்கு இந்த வரவும் இல்லை, இழப்பும் இல்லை. ஆரூடம் சொல்வதற்கு முன் இதைக் கொப்பியில் பாருங்கள்.

வெல்பவருக்குக் கிடைப்பது பெத்ரொவ் கிண்ணம். 1972, 1976 ஒலிம்பிக் வெற்றிகளில் ஆடிய விளாதிமிர் பெத்ரொவ் 2017 பெப்ரவரி 28இல் காலமானார். அவர் பெயரால் வந்தது. அதற்கு முன் கிண்ணத்தின் பெயர் ‘பிராத்தினா’, பலர் சுற்றியிருந்து மாறி மாறிக் குடிக்கும் பழைய ரஷ்யப் பாத்திரம். தோரொஸ் அதை 2012, 2013, 2015 என்று மூன்று முறை வென்றது. கசக்ஸ்தானின் கரகந்தா நகரத்துச் சரியார்க்கா 2014இல் பிராத்தினாவையும் 2019இல் பெத்ரொவ் கிண்ணத்தையும் எடுத்தது. 2020இல் கொரோனாவால் பருவம் முடிவுபெறவில்லை.

கிண்ணம் வென்றால் மேலே ஏறலாம் என்று எண்ணாதீர்கள். காற்பந்து லீக்கைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இங்கே தானாக ஏறுவதும் இறங்குவதும் இல்லை. மெத்தலூர்க் 2017இலும் யுக்ரா, லாதா இரண்டும் 2018இலும் கே.எச்.எல்.இலிருந்து கீழே வந்தது நிர்வாக முடிவால். லாதா 2023இல் திரும்பப் போனதும் அப்படியே. 

இந்த லீக் இன்னொரு விதமாகவும் கைகொடுத்ததுண்டு. 2011 செப்டெம்பர் 7இல் யாரொஸ்லாவ்ல் அருகே விமானம் விழுந்து லோகொமோத்திவ் அணி முழுவதும் போனபின், அந்தக் கழகம் அந்தப் பருவம் கே.எச்.எல்.இல் ஆடவில்லை. டிசெம்பரில் இளையவர்களைக் கொண்டு வி.எச்.எல்.இல்தான் மறுபடி பனியில் இறங்கியது. அந்தப் பருவத்தின் ஆட்டத்தாள்களை எடுத்து வாசியுங்கள். பெயர்களை ஏன் எழுதவேண்டும் என்பது வேறு யாரும் சொல்லாமலே விளங்கும்.

இறுதி முடிந்ததும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு ஐவர் கூட்டங்களையும் ஒருமுறை முழுதாக எழுதிவையுங்கள். மே மாதம் ஒப்பந்தங்கள் தீரத் தொடங்கும். நிலாவெளியில் கடல் படுத்துச் சுற்றுலாக்காரர் வரும் அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை கழகப் பக்கத்தைத் திறந்து, போனவரை அந்தப் பட்டியலில் வெட்டுங்கள், வந்தவரைச் சேருங்கள். ஆகஸ்ட் கடைசியில் தாய்க்கழகத்தின் பெயரைச் சரிபார்த்து, புதிய கொப்பியின் முன்னட்டையில் எழுதுங்கள்.